ரெண்டு மலை, ரெண்டு கிரேஞ்ச்: வாசகர் கேள்வி, தோட்டத்து மாமா பதில்

போன இதழ்ல காப்பிக்கொட்டைய ஈரம் படாம எப்படி வைக்கிறதுன்னு எழுதுறப்ப, போற போக்குல நம்ம ஏற்காடு கிரேஞ்ச் எஸ்டேட் பேரச் சொல்லி, அதே பேர்ல ஆஸ்திரேலியாவுல ஒரு ஒயின் இருக்குன்னு ஒரே ஒரு வரி போட்டேன். வந்த கடுதாசி, மெயில் எல்லாம் அந்த ஒரு வரியப் பத்திதான். காப்பிய ஒருத்தரும் கேக்கல. முப்பது வருஷம் காப்பித் தோட்டத்துல காலம் தள்ளுனவனுக்கு கொஞ்சம் சங்கடம்தான், சரி விடுங்க, இந்த வாரம் ஒயினே பேசுவோம்.

கேள்வி: ஐயா, 1996ல எங்க கல்யாணத்துக்கு அடிலெய்டுல இருந்து வந்த மச்சான் ஒரு ஒயின் பாட்டில் கொடுத்தார். பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், 1990னு போட்டிருக்கு. அன்னிலேர்ந்து ஸ்டீல் பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. இப்ப நெட்ல பாத்தா பழைய பாட்டில் எல்லாத்துலயும் 'கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்'னு இருக்கு, எங்களதுல வெறும் கிரேஞ்ச் மட்டும்தான். டூப்ளிகேட்டா? இன்னும் குடிக்கலாமா? (அஸ்தம்பட்டி வாசகர்)

மொதல்ல மச்சான சந்தேகப்படாதீங்க தம்பி, பாவம். 1989 வரைக்கும் லேபிள்ல 'கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்'தான். ஹெர்மிடேஜ்ங்கிறது பிரான்ஸ்ல ரோன் ஆத்தங்கரையில இருக்கிற ஒரு குன்று, ஷிராஸ் திராட்சைக்கு பேர் போன இடம், அதனால ஆஸ்திரேலியாக்காரங்க அந்தத் திராட்சையையே ஹெர்மிடேஜ்னு கூப்பிட்டுட்டு இருந்தாங்க. எங்க ஊர் பேர நீங்க எப்படிப் போடலாம்னு ஐரோப்பாக்காரங்க மல்லுக்கு நின்னதுல, 1990 வருஷத்து ஒயின்லேர்ந்து அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க. அதாவது உங்க பாட்டில்ல ஹெர்மிடேஜ்னு இருந்திருந்தாதான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அதுவும் 1990 சாதாரண வருஷம் இல்ல, அமெரிக்காவுல 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை 1995ல வருஷத்தோட நம்பர் ஒன் ஒயின்னு இதத்தான் தேர்ந்தெடுத்தது. ஜான் டுவால்ங்கிறவர் கைப்பக்குவம்.

இப்ப கசப்பான விஷயத்துக்கு வரேன். ஒயின் நல்ல ஒயின், பீரோ நல்ல பீரோ, ஆனா ரெண்டும் சேலத்துல இருக்கு. பழைய சிவப்பு ஒயின் கேக்கிறது 12லேர்ந்து 15 டிகிரி, இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம், அவ்ளோதான். நம்மூர் சித்திரை வெயில்ல வெளிய 40 டிகிரி அடிக்கிறப்ப மூடின பீரோவுக்குள்ள என்ன இருக்கும்னு நீங்களே யோசிங்க. பகல்ல சூட்டுல ஒயின் விரிஞ்சு கார்க்க வெளிய தள்ளும், ராத்திரி ஆறுறப்ப உள்ள சுருங்கி காத்த இழுக்கும், சைக்கிளுக்கு பம்ப் அடிக்கிற மாதிரி தினம் தினம். பாட்டில நிக்க வச்சிருந்தா இன்னும் மோசம், கார்க் காஞ்சு சுருங்கிடும். இதுல எனக்கே பட்ட அனுபவம் இருக்கு. என் பையன் கொடுத்த 'பின் 389' ஒண்ணு, அதுவும் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனி ஒயின்தான், கிரேஞ்ச் ஊற வச்ச பீப்பாய்களையே அதுக்கும் பயன்படுத்துறதால 'குட்டி கிரேஞ்ச்'னு செல்லமா சொல்வாங்க, அத கோரிமேட்டு வீட்டு பரண்ல மூணு கோடை போட்டு மறந்துட்டேன். தொறந்தா வேகவச்ச ப்ளம்ஸும் புளிச்ச வெல்லப்பாகும் கலந்த மாதிரி ஒரு வாசம். சமையக்கட்டு சிங்க்ல ஊத்துனேன். வீட்டுக்காரம்மா அதுக்கு அப்புறம் ஒரு வாரம் சிரிச்சாங்க.

அதுக்காக உங்களது போச்சுன்னு இப்பவே சொல்ல மாட்டேன். பாட்டில வெளிய எடுங்க, வெளிச்சத்துக்கு நேரா புடிங்க. ஒயின் கழுத்து வரைக்கும் இருந்தா நம்பிக்கை வைக்கலாம், தோளுக்கு கீழ எறங்கிட்டா காத்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். கார்க் மேல இருக்கிற உறைய தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தாலோ, கார்க் புடைச்சு நின்னாலோ கசிஞ்சிருக்கு. எல்லாம் சரியா இருந்தா இந்த ஐப்பசி கார்த்திகையிலயே தொறந்துடுங்க. நல்ல பாதாள அறையில படுத்திருந்த 1990 இன்னும் பல வருஷம் தாங்கும், ஆனா பட்டுப்புடவைக்கு அடியில இன்னொரு சித்திரைய அதுக்கு காட்டாதீங்க.

கேள்வி: மாமா, நம்ம கிரேஞ்சுக்கும் அந்த கிரேஞ்சுக்கும் சம்பந்தம் உண்டா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க இங்கதான் இருக்கோம், யாரும் சொன்னதில்ல. (ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் இருந்து ஒரு அக்கா)

சம்பந்தம் இல்ல கண்ணு, ஆனா ரெண்டும் ஒரே காலத்து வெள்ளைக்காரங்க மனசுலேர்ந்து வந்த பேருதான். கிரேஞ்ச்னா தானியக் களஞ்சியம் வச்ச பண்ணை வீடு. இங்க 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காப்பியும் பேரிக்காயும் ஆப்பிளும் கொண்டாந்து வச்ச தோட்டம் கிரேஞ்ச். அங்க 1844ல இங்கிலாந்துலேர்ந்து கப்பலேறிப் போன கிறிஸ்டோபர் பென்ஃபோல்ட்ங்கிற டாக்டரும் அவர் வீட்டம்மா மேரியும் அடிலெய்டுக்கு பக்கத்துல மகில்ங்கிற இடத்துல நிலம் வாங்கிக் கட்டுன சின்ன வீட்டுக்கு பேர் கிரேஞ்ச், அந்தப் பேர்தான் ஒயினுக்கும் வந்தது. போதாததுக்கு அதே அடிலெய்டுல கடற்கரை ஓரமா கிரேஞ்ச்னு இன்னொரு பேட்டையே இருக்கு, அது கேப்டன் ஸ்டர்ட்டுங்கிறவரோட வீட்டுப் பேர்லேர்ந்து வந்தது. நான் மொத தடவை போனப்ப பஸ்ல கிரேஞ்ச்னு போர்டு பாத்து ஏறப் போனேன், பையன் சட்டையப் புடிச்சு இழுத்தான்.

மகில் போய் நின்னப்ப எனக்கு நம்ம ஏற்காடு லேடீஸ் சீட் ஞாபகம்தான் வந்துச்சு. மலையடிவாரச் சரிவு, கீழ ஊரு மொத்தமும் விரிஞ்சு கெடக்கும், சாயங்காலம் ஆனா ஒவ்வொண்ணா லைட்டு பத்தும். ஆனா ஒரு வித்தியாசம், இங்க தோட்டத்துக்கு நடுவுல வீடு, அங்க வீடுகளுக்கு நடுவுல தோட்டம். நகரம் வளர்ந்து வளர்ந்து நிலத்த எல்லாம் மனை போட்டு வித்துட்டாங்க, இப்ப மிஞ்சி இருக்கிறது 5 ஹெக்டேர் சொச்சம்தான், நம்ம கணக்குக்கு 13 ஏக்கர். இந்தப் பக்கம் திராட்சைக் கொடி, வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ துணி காயப்போட்டிருக்காங்க. அந்த டாக்டர் கட்டுன வீடு இன்னும் அப்படியே நிக்குது. 1870ல அவர் காலமானதுக்கப்புறம் தோட்டத்தையும் ஒயினையும் தூக்கி நிறுத்துனது மேரியம்மாதான்.

கேள்வி: புது பாட்டிலே ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் பக்கம்னு சொல்றாங்க. திராட்சை ஜூசுக்கு இவ்ளோவா? அப்படி என்னதான் இருக்கு அதுல? (செவ்வாய்ப்பேட்டையிலேர்ந்து கொலுசு வியாபாரி)

அண்ணே, வெள்ளிக்கு கூலி சேதாரம் போடுற உங்களுக்கு நான் விலைய விளக்கணுமா! ஆனா கதை இருக்கு, சொல்றேன்.

மேக்ஸ் ஷூபர்ட்னு ஒருத்தர். 1931ல பதினாறு வயசுல பென்ஃபோல்ட்ஸ்ல எடுபிடிப் பையனா சேர்ந்தவர், படிப்படியா தலைமை ஒயின் மேக்கர் ஆயிட்டார். அந்தக் காலத்துல ஆஸ்திரேலியாவுல ஓடுனதெல்லாம் ஸ்பிரிட் கலந்த இனிப்பு போர்ட்டும் ஷெரியும்தான். ஷெரி செய்யறத பாத்துட்டு வான்னு கம்பெனி அவர 1950 வாக்குல ஸ்பெயினுக்கு அனுப்புது, மனுஷன் வர்ற வழியில பிரான்ஸ்ல போர்தோவுக்குள்ள நுழையறார். அங்க கிறிஸ்டியன் க்ரூஸ்ங்கிற பெரியவர் நாப்பது அம்பது வருஷம் பழைய ஒயின்கள தொறந்து காட்டுறார். இவ்ளோ வயசாகியும் உயிரோட இருக்கே, நம்மூர்லயும் இப்படி ஒண்ணு செஞ்சா என்னன்னு அங்கேயே பொறி தட்டிருச்சு.

ஊருக்கு வந்தா போர்தோவுல போடுற கேபர்நே திராட்சை போதுமான அளவு இல்ல. சரின்னு கைக்கு கெடைக்கிற ஷிராஸ எடுத்தார். பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு பதிலா அமெரிக்கன் ஓக்குல 300 லிட்டர் புதுப் பீப்பாய். புளிக்கிறப்ப மேல மெதக்குற தோல பலகை வச்சு சாறுக்குள்ளயே முக்கி, சூட்ட கட்டுப்படுத்தி நிறத்தையும் துவர்ப்பையும் நிதானமா எறக்குனார். புளிச்சு முடியறதுக்கு முன்னாடியே பீப்பாய்க்கு மாத்தி மிச்சத்த அதுக்குள்ளயே புளிக்க விட்டார். 1951ல இப்படித்தான் மொத கிரேஞ்ச் பொறந்தது. அந்த அமெரிக்கன் ஓக்குதான் கிரேஞ்சுக்கு அடையாளமான வாசத்த கொடுக்குது, மோந்து பாத்தா நம்மாளுக்கு ஒடனே கொப்பரைத் தேங்காயும் வெனிலாவும் ஞாபகம் வரும், நான் அளந்து விடல, அந்த மரத்துலயே தேங்காய் வாசம் தர்ற பொருள் இருக்கு.

அஞ்சாறு வருஷம் கழிச்சு கம்பெனி பெரிய மனுஷங்களும் ஊர் ரசிகர்களும் கூடி ருசி பாத்தாங்க. கழுவி ஊத்திட்டாங்க. இனிப்பில்லாத போர்ட்டு, இத எவன் காசு கொடுத்து வாங்குவான்னு ஒருத்தர், எறும்ப நசுக்குன மாதிரி இருக்குன்னு இன்னொருத்தர். 1957ல நிறுத்துன்னு மேலிடத்து உத்தரவு. இங்கதான் எனக்கு மனுஷன புடிக்குது. அவர் நிறுத்தல. மகில் பொறுப்புல இருந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் கண்டும் காணாம துணை நிக்க, 57, 58, 59 மூணு வருஷமும் பூமிக்கடியில இருக்கிற சுரங்க அறைகள்ல ஒளிச்சு வச்சு செஞ்சார். புதுப் பீப்பாய் வாங்கினா கணக்குல மாட்டிக்குவார், அதனால பழைய பீப்பாயிலயே ஒப்பேத்துனார். அதுக்குள்ள முன்னாடி திட்டு வாங்குன பாட்டில்களுக்கு வயசு ஏறி துவர்ப்பு அடங்கி கனிஞ்சிருச்சு. திரும்ப ருசி பாத்தவங்க வாயடைச்சு, 1960 அறுவடைக்கு முன்னாடியே மறுபடி செய்யின்னு சொல்லிட்டாங்க. 1955ல செஞ்சது போட்டிகள்ல அம்பது தங்க மெடலுக்கு மேல வாங்குச்சு.

அந்த ஒளிச்சு வச்ச 1959க்கு ஒரு வேடிக்கையான பின்கதை. 2014 ஏப்ரல்ல நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பேரி ஓ'ஃபாரெல், சுமார் 3000 டாலர் பெறுமானமுள்ள 1959 கிரேஞ்ச் ஒண்ண பரிசா வாங்கலைன்னு ஊழல் விசாரணை கமிஷன்ல அடிச்சுச் சொன்னார். மறுநாளே அவர் கைப்பட எழுதுன நன்றிக் கடிதம் வெளிய வந்துருச்சு. மறந்துட்டேன்னு சொல்லி ராஜினாமா பண்ணிட்டார். ஒளிச்சு செஞ்ச ஒயின், ஒளிக்க முடியாமப் போச்சு. நம்மூர்ல ஒரு பாட்டிலுக்கு முதல்வர் போற காலம் வருமான்னு கேக்காதீங்க, எடிட்டர் வெட்டிடுவார்.

1951 பாட்டில் ஏலத்துல ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேலயும் போயிருக்கு. அது குடிக்கிறதுக்கு இல்லண்ணே, சேகரிப்புக்கு. அந்த விலை ருசியோட விலைன்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்ப கிரேஞ்ச் முழுக்க அந்த 13 ஏக்கர்லயேவா விளையுது? (கொண்டலாம்பட்டி வாசகர், காப்பிப்பொடி கடை வச்சிருக்கார்)

கடைசியில ஒரு காப்பிக்காரர்! இல்லைங்க, இதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறது. பிரான்ஸ்ல பெரிய பேர் எடுத்த ஒயின் பெரும்பாலும் ஒரே எஸ்டேட் திராட்சை, அந்த மண்ணுக்குத்தான் மதிப்பு. கிரேஞ்ச் அப்படி இல்ல, நீங்க பிளாண்டேஷன் ஏ, பீபெரின்னு ரெண்டு ரகக் காப்பிக்கொட்டைய கைக்கணக்குல கலந்து ஒவ்வொரு வருஷமும் உங்க கடை ருசி மாறாம பாத்துக்கிறீங்களே, அந்த வித்தை. மொத கிரேஞ்சே ரெண்டு இடத்துத் திராட்சை, மகிலும் மார்ஃபெட் வேலும். பின்னாடி பரோசா, மெக்லாரன் வேல்னு எந்த வருஷம் எங்க ஷிராஸ் நல்லா வருதோ அங்கேர்ந்து எடுப்பாங்க, சில வருஷம் கொஞ்சூண்டு கேபர்நேயும் சேரும். ஒத்த எஸ்டேட்டுன்னா ஒசத்தி, கலந்தா மட்டம்னு பேசுறவங்க நம்ம காப்பியிலயும் இப்ப கெளம்பியிருக்காங்க. நான் தோட்டக்காரன், மண்ணுக்கு எதிரா பேச மாட்டேன், ஆனா நல்லா கலக்குற கைக்கும் ஒரு கும்பிடு போடணும்.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு எங்க ஃபேமிலி குரூப்ல தினமும் ஃபார்வர்ட் வருது. (பேர் வேண்டாம்னு எழுதியவர், அம்மாப்பேட்டை)

அந்த டாக்டர் பென்ஃபோல்டும் சோகை புடிச்சவங்களுக்கு டானிக்னு ஒயின்தான் கொடுத்தார், அது 1840கள் வைத்தியம். மதுவுல பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவா சொல்லிட்டாங்க. ஃபார்வர்ட் பண்றவர் மருந்துக்காக குடிக்கல, குடிக்கிறதுக்கு மருந்துங்கிறார்.

கேள்வி: தொறக்காம வித்துடலாமா? (மறுபடியும் அஸ்தம்பட்டிக்காரர், ரெண்டாவது மெயில்)

தம்பி, நம்ம மாநிலத்துல 2003லேர்ந்து சில்லறை மது விக்கிற உரிமை டாஸ்மாக்குக்கு மட்டும்தான். லைசென்ஸ் இல்லாம வித்தா கேஸு. கல்யாணத்துக்கு வந்த பரிச, போலீஸ் ஸ்டேஷன் பரிசா மாத்திக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல இருந்திருந்தா பென்ஃபோல்ட்ஸ்காரங்களே 1991லேர்ந்து நடத்துற கார்க் மாத்துற கேம்புக்கு கொண்டு போயிருக்கலாம். 15 வருஷத்துக்கு மேல ஆன பாட்டில தொறந்து, ஒரு வாய் ருசி பாத்து, நல்லா இருந்தா கொஞ்சம் ஒயின் சேத்து நெரப்பி புதுக் கார்க் போட்டு சான்று ஒட்டிக் கொடுப்பாங்க, கெட்டிருந்தா மொகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்கு அந்த கேம்ப் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, தொறங்க.

கேள்வி: சரி மாமா, தொறக்கிறேன். எப்படி? (மூணாவது மெயில், அவரேதான்)

இப்ப வந்தீங்க வழிக்கு. ரெண்டு நாள் முன்னாடியே பாட்டில நேரா நிக்க வச்சிடுங்க, அசைக்காதீங்க. வயசான ஒயின்ல நிறமும் துவர்ப்பும் ஒண்ணோட ஒண்ணு சேந்து கனமாகி வண்டலா அடியில தங்கும், புதுசுல நாவப்பழக் கலர்ல இருந்தது செங்கக் கலருக்கு வர்றதும், நாக்க இழுத்துப் புடிச்ச துவர்ப்பு அடங்குறதும் அதனாலதான். வண்டல் இருக்கிறது கெட்டதுக்கு அடையாளம் இல்ல.

முப்பது வருஷக் கார்க்க சாதா திருகாணி போட்டு இழுத்தா பொடிஞ்சு ஒயினுக்குள்ள விழும். ரெண்டு தகடு கார்க்குக்கு ரெண்டு பக்கமும் எறங்குற மாதிரி ஒரு திருப்பி இருக்கு, ஆன்லைன்ல கெடைக்குது, அத மெதுவா அசைச்சு அசைச்சு எறக்கி, திருக்கிட்டே மேல தூக்குங்க, அவசரம் வேண்டாம். அப்புறம் ஒரு சுத்தமான கண்ணாடிக் கூஜாவுல ஊத்தணும். பாட்டில் கழுத்துக்கு கீழ செல்போன் டார்ச்ச எரிய விட்டு, புளிக்கரைசல தெளிய வச்சு ஊத்துவோமே அதே நிதானத்துல, ஒரே சீரா சாய்ச்சுக்கிட்டே இருங்க, நடுவுல நிமித்துனா வண்டல் கலங்கிடும். கழுத்துல கருப்பா பொகை மாதிரி ஓடி வர்றது தெரியும். அங்க நிறுத்திடுங்க.

ரொம்ப பழசுக்கு மணிக்கணக்கா காத்து காட்ட வேண்டியதில்ல, அரை மணி போதும். நல்ல நெலமையில இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டா, அடிலெய்டுல பையன் சிநேகிதர் வீட்டுல 1986 ஒரு கால் கிளாஸ் எனக்கு கெடச்சது. வெள்ளைத்தாளுக்கு மேல சாய்ச்சு பாத்தேன், நடுவுல கருஞ்சிவப்பு, ஓரத்துல காவி. மூக்கு கிட்ட கொண்டு போனா மொதல்ல லேசா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு சுள்ளு, அது கிரேஞ்சோட பழக்கமாம், பயந்துடாதீங்க, அது கலைஞ்சதும் காஞ்ச அத்திப்பழம், அதிமதுரம், புதுச்செருப்பு வாசம், கடைசியில வறுத்த காப்பிக்கொட்டை. காப்பிக்கொட்டை வந்த ஒடனே எனக்கு கண்ணு கலங்கிருச்சு, சிநேகிதர் ஒயின் அவ்ளோ நல்லா இருக்கான்னு கேட்டார். நான் ஆமான்னு சொல்லிட்டேன்.

கூட சாப்பிட மட்டன் சுக்கா போதும், மொளகாய கொறச்சு மொளக தூக்கலா போடுங்க, காரம் ஏறினா ஒயின் ருசி செத்துடும். தட்டுவடை செட் வேண்டவே வேண்டாம். அது மேல எனக்கு உயிரு, அதனாலதான் சொல்றேன், ரெண்டையும் சேத்து ரெண்டையும் கெடுக்காதீங்க. மச்சானையும் வீடியோ கால்ல கூப்பிட்டுக்கோங்க, தொறக்கிறப்ப அவரும் பாக்கட்டும். கெட்டுப் போயிருந்தாலும் கூப்பிடுங்க.

கேள்வி: மாமா, மிச்சமாகிற வண்டல என்ன பண்றது, செடிக்கு ஊத்தலாமா? (நாகலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்)

நம்மாளு, நம்மாளு. சிநேகிதர் கொஞ்சம் வண்டல சின்ன ஜாம் பாட்டில்ல போட்டுக் கொடுத்தாரு, நான் பெட்டியில வச்சு பத்திரமா கொண்டாந்து நம்ம சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டிருந்த மொளகுக் கொடியில ஒண்ணுக்கு மட்டும் ஊத்தி, அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டி வச்சேன். அந்த வருஷம் பக்கத்துக் கொடி நல்லா காச்சது.